வராத பிள்ளையின் வீட்டுக்குப் போ

இடையஞ்சாவடியில் என் வீட்டுத் திண்ணைக்கு எதிரே முந்திரித் தோப்பு. தோப்பை ஒட்டிச் செம்மண் பாதை. போன மாதம் அந்தப் பாதையில் ஒரு சின்னப் பெண் கையில் நோட்டுக் கட்டோடு வந்து நின்றாள். பக்கத்து ஊர் அங்கன்வாடியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். “டீச்சரம்மா, பதிவேடே பதினொண்ணு இருக்கு. எங்கேயிருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல” என்றாள். அன்று அவளிடம் வாயால் சொன்னதை இன்று உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

நான் 1984இல் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது இது தென்னாற்காடு மாவட்டம். கல்யாணமாகி மரக்காணம் பக்கம் போயிருந்ததால், முதல் ஒன்பது வருஷம் உப்பளத்தை ஒட்டிய குடியிருப்பில் வேலை. பிறகுதான் பிறந்த ஊர்ப் பக்கம் மாற்றல் கிடைத்தது. 1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கி வைத்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. எங்களை ‘பால்வாடி டீச்சர்’ என்றுதான் ஊரில் கூப்பிடுவார்கள். இன்று தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. கட்டடம் வந்துவிட்டது, கேஸ் அடுப்பு வந்துவிட்டது, கையில் செல்போனும் வந்துவிட்டது. பிள்ளைக்கு வேண்டியது மட்டும் மாறவில்லை. அதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

1. வந்த பிள்ளையை எண்ணுவதோடு நிறுத்தாதே. வராத பிள்ளையைத் தேடிப் போ.

மையத்துக்கு வரும் பிள்ளைக்குச் சோறு கிடைத்துவிடும். முட்டை கிடைத்துவிடும். உன் கண் முன்னால் விளையாடும். ஆபத்தில் இருப்பது அன்றைக்கு வராத பிள்ளை. பத்தரை மணிக்கு வருகைப் பதிவேட்டைத் திற. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வராத பெயர் எது என்று பார். மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது ஆயாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அந்த வீட்டுக்கு நட.

1986 சித்திரை மாதம். உப்பு வாரும் காலம். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும் என்பதால் விடியுமுன்பே பெண்கள் அளத்துக்குப் போய்விடுவார்கள். நான்கு வயசுப் பெண் ஒருத்தி ஒரு வாரமாக வரவில்லை. வீட்டுக்குப் போனேன். வெளியே சங்கிலி போட்டிருந்தது. உள்ளே பேச்சுக் குரல். சங்கிலியைக் கழற்றினேன். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து, ஒன்றரை வயசுத் தம்பிக்கு வரக்காப்பியில் பொறையை நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் அவனுக்கு, டம்ளரைச் சுரண்டி அடுத்த வாய் தனக்கு. “அம்மா வர்ற வரைக்கும் இதுதான் டீச்சர்” என்றாள். ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆகிறது. அந்த டம்ளரை நான் மறக்கவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த வீட்டிலிருந்து கற்றதுதான்.

2. கண்ணை நம்பாதே, தராசை நம்பு.

அந்தத் தம்பியைப் பார்த்ததும் கன்னம் உப்பிக் கொழுகொழுவென்று இருப்பதாகத்தான் நினைத்தேன். தொங்கு தராசில் போட்டால் 7 கிலோ 200 கிராம். ஒன்றரை வயசுக்கு 10 கிலோவை ஒட்டி இருக்க வேண்டிய பிள்ளை. பாதத்தைக் கட்டை விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, அப்படியே நின்றது. அது சதை இல்லை, புரதம் இல்லாமல் வந்த நீர் வீக்கம். தாய் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தாள், நானும் ஏமாந்திருப்பேன்.

பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை. நன்றாக வளரும் பிள்ளை ஐந்து மாதத்தில் பிறந்த எடையைப் போல் இரு மடங்கும், ஒரு வயசில் மூன்று மடங்கும் ஆகும். மாதம் ஒருமுறை, முடிந்தவரை ஒரே தேதியில், எடை போடு. முள் சைபரில் நிற்கிறதா என்று பார். சட்டை, அரைஞாணில் கோர்த்த தாயத்து, கால் கொலுசு எல்லாவற்றையும் கழற்று. வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்ததும் அம்மாவிடம் காட்டு. கோடு ஏறினால் நல்லது. இரண்டு மாதம் படுத்தே கிடந்தால் பிள்ளை பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ஏதோ தவறு நடக்கிறது என்று அர்த்தம்.

6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள பிள்ளையின் இடது மேல்கையை நாடாவால் அள. 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மெலிவு. 11.5க்குக் குறைந்தால் கடும் மெலிவு. அப்படி இருந்தாலோ, இரண்டு பாதமும் வீங்கியிருந்தாலோ, சத்துமாவைக் கொடுத்து அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காதே. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீயே கூடப் போ. 2022 மே மாதம் உதகையில் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் இந்தப் பிள்ளைகளுக்காகவே வந்தது.

இன்னொன்று, கண்டிப்பாகச் சொல்கிறேன். போடாத எடையை எழுதாதே. போன மாதத்து எண்ணோடு இருநூறு கிராம் கூட்டி எழுதிவிட்டால் பதிவேடு அழகாக இருக்கும், பிள்ளை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கும்.

3. பிறந்த முதல் ஒரு மணி நேரத்தையும் முதல் ஆறு மாதத்தையும் காப்பாற்று.

பிரசவித்த வீட்டுக்குள் நீ போகுமுன் சேனை தொட்டு வைக்க ஒரு பெரியம்மா போயிருப்பாள். தேன், சர்க்கரைத் தண்ணி, சில வீட்டில் கழுதைப்பால். ஆகவே பிரசவத்துக்கு முன்பே, ஏழாம் மாத வளைகாப்பிலேயே பேச்சை ஆரம்பித்துவிடு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக இருப்பதால் அதைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் இருந்தது. அதுதான் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து. ஒரு வயசுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் விஷத்தை உண்டாக்கிக் கை கால்களைத் துவள வைத்துவிடும்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சித்திரை வெயிலில்கூடத் தண்ணீர் வேண்டாம். பாலிலேயே தண்ணீர் இருக்கிறது. “பால் பத்தல” என்று ஒவ்வொரு தாயும் சொல்வாள். “ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகுது?” என்று கேள். ஆறு தடவையோ அதற்கு மேலோ போனால், எடையும் ஏறினால், பால் போதுகிறது என்று தைரியம் சொல். மாமியாரை எதிர்த்துப் பேசாதே. “உங்க மருமக உங்க கையால நல்லா சாப்பிட்டாத்தான் பேரனுக்குப் பால் ஊறும் பெரியம்மா” என்று சொல்லிப் பார். நாளைக்கு அவளே கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

4. ஏழாவது மாதத்தில் ஏமாந்துவிடாதே.

பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு சோறும் வேண்டும். நம் வீடுகளில் ரசம் சாதத்தைக் கரைத்து, கஞ்சித் தண்ணியை வடித்து, ‘லேசா’ கொடுக்கிறோம் என்பார்கள். அந்தச் சின்ன வயிறு ஒரு கைப்பிடி அளவுதான். அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடம் ஏது? கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் ஒட்டி நிற்கும் பதம்தான் சரியான பதம். குழைந்த சோறு, அதில் பருப்பு, மசித்த கீரை, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய் அல்லது நெய்.

முதலில் இரண்டு மூன்று கரண்டி, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ஒன்பதாம் மாதத்தில் அரைக் கிண்ணம், மூன்று நான்கு வேளை. ஒரு வயசில் வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதைக் காரம் குறைத்து, தனித் தட்டில். தனித் தட்டு முக்கியம். அப்பா தட்டில் நாலு வாய், அக்கா தட்டில் நாலு வாய் என்றால் பிள்ளை எவ்வளவு சாப்பிட்டது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வயசு வரை தாய்ப்பாலும் தொடரட்டும்.

நம் பக்கத்தில் சத்துக்குப் பஞ்சமில்லை. வாசலில் முருங்கை நிற்கிறது. கேழ்வரகு விளைகிறது. குப்பத்தில் மத்தி மீனும் காரப்பொடி மீனும் மலிவாகக் கிடைக்கும். முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டுச் சோற்றோடு பிசைந்து கொடுக்கச் சொல். திண்டிவனம் பக்கத்து மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, இருக்கிறது. அதை வறுத்துப் பொடித்துத்தான் கொடுக்க வேண்டும். முழு மல்லாட்டையும் முழு முந்திரியும் ஐந்து வயசுக்குள் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மையத்தில் கொடுக்கும் சத்துமாவைக் கூழாகவோ உருண்டையாகவோ செய்யச் சொல். தாயின் எதிரிலேயே ஒருமுறை கிளறிக் காட்டு. வாயால் சொன்னதைவிடக் கையால் காட்டியது வீட்டுக்குப் போய்ச் சேரும்.

5. உப்பு விளையும் ஊரில் உப்பைப் பற்றிப் பேசு.

மரக்காணத்தில் நான் கற்ற பெரிய பாடம் இது. வீட்டுக்கு வீடு அளத்திலிருந்து ஒரு கூடைக் கல்லுப்பு வந்துவிடும். காசு கொடுத்து உப்பு வாங்குவது அவர்களுக்கு வெட்கம். கடல் உப்பில் அயோடின் இருக்கும் என்றும் நம்புவார்கள். கடல் நீரில் கொஞ்சம் இருந்தாலும், பாத்தியில் காய்ந்து விளையும் உப்பில் அது ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சுவதில்லை. கர்ப்பத்தில் தாய்க்கு அயோடின் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சியே தடைப்படும். முன்கழுத்துக் கழலை அதன் வெளி அடையாளம் மட்டுமே.

1956இல் இமயமலை அடிவாரத்துக் காங்கிரா பள்ளத்தாக்கில் டாக்டர் இராமலிங்கசாமியும் கூட்டாளிகளும் ஒரு சோதனை தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்து, இரண்டு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. அயோடின் உப்பு தின்ற இடங்களில் ஆறே வருஷத்தில் கழலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சாதா உப்புப் பகுதியில் அப்படியே இருந்தது. பிறகு அவர்களுக்கும் நல்ல உப்பு கொடுத்தார்கள். 2006 மே மாதத்திலிருந்து, மனிதர் உண்ண விற்கும் உப்பில் அயோடின் இருந்தே ஆக வேண்டும் என்பது நாடு முழுவதும் சட்டம்.

ஆகவே இப்படிச் சொல்: அளத்து உப்பு கருவாட்டுக்கும் மாட்டுக்கும் இருக்கட்டும், கர்ப்பிணியும் பிள்ளையும் சாப்பிடும் குழம்பில் அயோடின் உப்பு போடுங்கள். மூடி போட்ட டப்பாவில், அடுப்புக்கும் வெயிலுக்கும் தள்ளி வையுங்கள். சமையல் இறக்கும் நேரத்தில் போடுங்கள். ஒரு வயசு முடியும் வரை பிள்ளையின் உணவில் உப்பும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். “உப்பில்லாம எப்படித் திங்கும்?” என்பார்கள். அதற்கு உப்பின் ருசியே இன்னும் தெரியாது, நாம்தான் பழக்குகிறோம்.

6. செம்மண்ணில் வெறுங்காலோடு விடாதே.

இடையஞ்சாவடிப் பக்கம் மாற்றலாகி வந்தபோது உப்பு போய்ச் செம்மண் வந்தது. இங்கே பிள்ளைகள் வெளுத்திருந்தன. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சோகை. காரணம் தோப்பில் இருந்தது. வெளிக்கு ஒதுங்கும் முந்திரித் தோப்பின் ஈர மண்ணில் கொக்கிப்புழு வளர்கிறது. வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. எவ்வளவு முருங்கைக்கீரை கொடுத்தாலும் அந்தப் புழுவுக்கே போய்விடும்.

ஆகவே செருப்பு, கழிவறை, குடற்புழு மாத்திரை மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும். பிப்ரவரி 10, ஆகஸ்டு 10 இரண்டும் குடற்புழு நீக்க நாள். ஒன்றிலிருந்து இரண்டு வயசுப் பிள்ளைக்கு அரை மாத்திரை, அதற்கு மேல் ஒன்று. பொடித்துத் தண்ணீரில் கலக்கி, உன் முன்னாலேயே விழுங்க வை. கையில் கொடுத்து அனுப்பாதே. 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இரண்டு முறை ஒரு மில்லி இரும்புச்சத்து மருந்து. அதைக் கொடுத்தால் மலம் கறுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு; சொல்லாவிட்டால் பயந்துபோய் நிறுத்திவிடுவார்கள். சோற்றோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் இரும்பு உடம்பில் சேரும். டீயும் காப்பியும் அதைத் தடுக்கும். பிள்ளைக்கு டீ, காப்பி வேண்டவே வேண்டாம்.

7. பேதி என்றால் முதலில் உப்பு சர்க்கரைக் கரைசல், மற்றது பிறகு.

1971இல் வங்கதேசப் போரில் இலட்சக்கணக்கில் அகதிகள் வந்து குவிந்தார்கள். மேற்கு வங்கத்து பன்கான் முகாமில் காலரா. ஏற்றுவதற்குக் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகாலநபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரை வாய் வழியாகவே கொடுக்கச் சொன்னார், நோயாளிகளின் வீட்டாரே ஊட்டினார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. அந்தத் தண்ணீர்தான் இன்று உன் அலமாரியில் பொட்டலமாக இருக்கும் ஓ.ஆர்.எஸ்.

ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுவதும் கரை. பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்று பிரிக்காதே. ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயசுக்குள் கால் முதல் அரை டம்ளர், அதற்கு மேல் அரை முதல் ஒரு டம்ளர், கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி கொடு. பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள். பேதி நின்றாலும் நிறுத்தாதே, அடுத்த பேதியையும் அது தடுக்கும். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தச் சொல்வார்கள், விடாதே.

என் வேலையின் மூன்றாவது வருஷம் ஒரு பெண் குழந்தைக்கு இரண்டு நாளாகப் பேதி. வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வீட்டில் ஒரு பாட்டியிடம் தொக்கம் எடுக்கக் கூட்டிப் போய்விட்டார்கள். நான் மறுநாள் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் அந்தப் பிள்ளை இல்லை. உச்சிக்குழி உள்வாங்குவது, கண் குழிவது, வயிற்றுத் தோலைக் கிள்ளினால் மெதுவாகத் திரும்புவது, ஒண்ணுக்குப் போகாமல் இருப்பது, மலத்தில் இரத்தம், குடிக்க முடியாமல் துவண்டு கிடப்பது: இதில் ஒன்று கண்டாலும் மணி பார்க்காதே. 108க்குப் போன் போடு. தொக்கம் எடுக்கிற பாட்டியிடம் சண்டை போடாதே. “எடுக்கிறதுக்கு முன்னாடி இந்தத் தண்ணிய ஊட்டிடு பாட்டி” என்று அவள் கையிலேயே நாலு பொட்டலம் கொடுத்து வை. அந்தச் சாவுக்குப் பிறகு நான் அப்படித்தான் செய்தேன்.

8. புதன்கிழமையை மறக்காதே.

தடுப்பூசி நாள் அது. பிறந்ததும், பிறகு 6, 10, 14 வாரம், 9 மாதம், ஒன்றரை வயசு. காய்ச்சல் வந்தது என்று அடுத்த ஊசிக்கு வராமல் நின்றுவிடும் வீடுகளைக் குறித்து வை. காய்ச்சல் வரலாம், ஒரு நாளில் போய்விடும் என்று ஊசிக்கு முன்பே சொல். 9ஆம் மாதம் முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 5 வயது வரை வைட்டமின் ஏ, மொத்தம் 9 தடவை. நான் சேர்ந்தபோது காலை இழுத்து நடக்கும் பிள்ளை ஊருக்கு ஒன்றாவது இருக்கும். 2014 மார்ச்சில் இந்தியாவுக்குப் போலியோ இல்லை என்று சான்றிதழ் கிடைத்தபோது, இரண்டு சொட்டுக்காக நடந்த நடை எல்லாம் கண் முன் வந்து நின்று அழுதுவிட்டேன்.

9. தண்ணீர், தீ, புட்டி: இந்த மூன்றுக்கும் நடுவே நீ நில்.

அந்தச் சங்கிலி போட்ட வீட்டுக்கு வருவோம். சாயங்காலம் தாய் வந்ததும் கோபமாகத்தான் கேட்டேன், பிள்ளைகளை ஏன் பூட்டி வைத்தாய் என்று. கால் வெடிப்பில் உப்பு காய்ந்திருந்தது. உட்கார்ந்து கழுவிக்கொண்டே சொன்னாள்: “திறந்து வச்சா வாய்க்காலுக்குப் போயிடுமே டீச்சர்.” அவளுக்கு இரண்டு பயம். பட்டினி மெதுவாகக் கொல்லும், தண்ணீர் உடனே கொல்லும். உடனே கொல்வதைத் தடுத்தாள். பூட்டிய வீட்டில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று யோசிக்க அவளுக்கு நேரம் இல்லை. அன்று அவளுக்கு வேண்டியிருந்தது அறிவுரை இல்லை, காலையில் பிள்ளைகளை ஒப்படைக்க ஓர் ஆள். மறுநாளிலிருந்து ஆயா போய் இரண்டு பேரையும் கூட்டி வந்தாள். வங்கதேசத்துக் கிராமங்களில் ஆய்வு செய்தவர்கள் கண்டதும் இதுதான்: சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் மூழ்குவது அதிகமும் காலையில், தாய் வேலையாக இருக்கும் நேரத்தில். அந்த நேரத்துக்கு ஊரில் ஒரு பிள்ளைக் காப்பகம் வைத்ததும் சாவு பெருமளவு குறைந்தது. உன் மையம் திறந்திருக்கும் நேரம் சோற்றுக்கு மட்டும் இல்லை என்பதை மறக்காதே.

உப்பள வாய்க்கால், கழுவெளி ஏரி ஓரம், தோப்புக் கிணறு, தரைத்தொட்டி, குளியலறை பக்கெட். தவழும் பிள்ளை ஒரு சாண் தண்ணீரிலும் மூழ்கும். பக்கெட்டைக் கவிழ்த்து வைக்கச் சொல். தொட்டிக்கு மூடி போடச் சொல். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயசுப் பிள்ளை மூடாத ஆழ்துளைக் குழியில் விழுந்து இறந்ததை நாடே பார்த்தது. உன் எல்லையில் அப்படி ஒரு குழி இருந்தால் யாருடையது என்று பார்க்காமல் ஊராட்சியில் எழுதிக் கொடு.

2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போனார்கள். சமையல் அடுப்பின் தீ கீற்றுக் கூரையில் தாவியது. உன் சமையலறைக்கும் பிள்ளைகள் இருக்கும் அறைக்கும் நடுவே தடுப்பு இருக்கிறதா, இரண்டாவது வழி இருக்கிறதா என்று முதல் நாளே பார். குழம்புச் சட்டியை ஒருநாளும் தரையில் வைக்காதே. சுட்டுவிட்டால் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீர். மையும் மாவும் பேஸ்டும் வேண்டாம்.

மண்ணெண்ணெயும் பூச்சி மருந்தும் குளிர்பானப் புட்டியில் இருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதே, உடனே மருத்துவமனை. முந்திரிக் காலத்தில் பிள்ளைகள் பச்சைக் கொட்டையைக் கடிக்கும். ஓட்டுப் பால் பட்ட உதடு வெந்துவிடும். தொண்டையில் ஏதாவது அடைத்தால் முதுகில் எப்படித் தட்டுவது என்பதைக் கிராம செவிலியரிடம் கைப்பழக்கமாகக் கற்றுக்கொள். படித்து வைத்தது அந்த நிமிஷத்தில் உதவாது.

10. புயலுக்கு முன்பே புயலை நினை.

நம் கரை சுனாமியைப் பார்த்தது. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் இந்தத் தோப்புகளையெல்லாம் சாய்த்துப் போட்டது. 2024 நவம்பர் 30இல் பெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, ஊரே தண்ணீரில் நின்றது. நான் ஓய்வு பெற்றவள்தான். ஆனாலும் முகாமுக்குப் போனேன். அங்கே பிள்ளைகளுக்கு வந்தது பேதியும் சளியும்தான்.

ஐப்பசி பிறந்ததும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஓ.ஆர்.எஸ்., துத்தநாகம், சத்துமாவு, குளோரின் மாத்திரை, சோப்பு, பதிவேட்டின் நகல் எல்லாம் கட்டி மேலே வை. கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரிகள் பெயர்ப் பட்டியல் சட்டைப் பையில் இருக்கட்டும். முகாமில் தாய்ப்பால் கொடுக்க ஒரு மறைப்புக் கட்டிக் கொடு. இடம் இல்லை என்று தாய் கொடுக்காமல் இருந்தால் பிள்ளைக்குப் புட்டிப்பால் போகும், அழுக்குத் தண்ணீரும் கூடவே போகும்.

11. தாயைத் திட்டாதே, பிள்ளையோடு பேசு.

மெலிந்த பிள்ளையைப் பார்த்ததும் கோபம் தாய் மேல்தான் போகும். அவளுக்கு அன்றைய கூலி போனால் அன்றைய சோறும் போகும். “என்ன கொடுத்தே?” என்று கேட்காதே, “நேத்திக்கு என்ன சமையல்?” என்று கேள். பதில் உண்மையாக வரும். அப்பாவையும் கூப்பிட்டு வளர்ச்சி அட்டையைக் காட்டு. எங்கள் காலத்தில் அது அம்மாக்கள் சமாச்சாரம் என்று விட்டோம். அது தவறு.

ஊட்டும்போது பிள்ளையின் கண்ணைப் பார்த்துப் பேசு, காக்காய் காட்டு, கதை சொல். வாயைப் பிளந்து திணிக்காதே, செல்போனைக் காட்டியும் ஊட்டாதே. பேச்சும் விளையாட்டும் மூளைக்குச் சோறு. உன்னோடு வேலை செய்யும் ஆயாவை மரியாதையாக நடத்து. எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எதைத் தின்னாது என்று உனக்கு முன் அவளுக்குத் தெரியும்.

12. முதல் மாதம் முடியுமுன் ஒரு வீட்டையாவது முழுசாகத் தெரிந்துகொள்.

அந்தத் தம்பி தேற ஐந்து மாதம் ஆனது. முதலில் மருத்துவமனை. பிறகு மையத்தில் முட்டை, கெட்டிக் கூழ், மல்லாட்டை உருண்டை. முதல் வாரத்தில் எடை குறைந்தது, நான் பயந்துபோனேன். வீக்கத்து நீர் வடிந்ததால் குறைந்தது என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அடுத்த மாதம் 300 கிராம் ஏறியது. வைகாசி, ஆனி, ஆடி என்று அவன் அட்டையில் கோடு ஏற ஏற, அவன் அம்மா அளத்திலிருந்து வரும் வழியில் மையத்துக்கு வந்து அந்த அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் கோடு மட்டும் தெரியும்.

பதினோரு பதிவேட்டையும் நீ நிரப்பித்தான் ஆக வேண்டும், அது வேலை. ஆனால் நாளைக் காலை பத்தரைக்கு வருகைப் பதிவேட்டை மட்டும் முதலில் திற. காலியாக நிற்கும் கட்டத்துக்கு நேரே இருக்கும் பெயரை வாய்விட்டுப் படி. அந்த வீடு எந்தத் தெருவில் என்று ஆயாவைக் கேள். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பு.